பயிற்சி முடிந்த பிறகு பணத்தை எதில் போடலாம்?

எங்கள் ஊரில் திருந்திய நெல் சாகுபடி, அதாவது குறைந்த விதையில் இளம் நாற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு வரிசையாக நடுகிற முறைக்குப் பயிற்சி நடந்த அன்று இரண்டு விஷயங்களைக் கண்ணெதிரே செய்து காட்டினார்கள். முதலில் முட்டை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் கோழி முட்டையைப் போட்டார்கள். அது அடியில் போய் உட்கார்ந்தது. கல் உப்பைக் கை கையாக அள்ளிப் போட்டுக் கலக்கக் கலக்க, முட்டை மெல்ல எழும்பி, நாலணாக் காசு அகலத்துக்கு மேலே தலைகாட்டி நின்றது. அந்தத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டியதும் பதரும் கருக்காயும் மேலே வந்துவிட்டன. அவற்றை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, இதுதான் விதை என்றார்கள்.

அப்புறம் கோனோ வீடர் என்கிற, வரிசைக்கு நடுவே கையால் தள்ளுகிற களைக்கருவி. நட்டுப் பத்து நாளான ஒரு வயலுக்கு அழைத்துப் போய்த் தள்ளிக் காட்டினார்கள். நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தோம். களை சேற்றுக்குள் அமுங்கியது, மண் புரண்டு கொடுத்தது. முட்டையைவிட அன்று எல்லாருக்கும் பிடித்துப்போனது இந்தக் கருவிதான்.

வருடங்கள் போய்விட்டன. முட்டை போட்டு விதை பார்ப்பது எங்கள் தெருவில் சாதாரணமாகிவிட்டது. பயிற்சிக்கே வராதவர்கள்கூடச் செய்கிறார்கள். கோனோ வீடர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, பல்லெல்லாம் துரு. இரண்டையும் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆள், ஒரே நாள். கேட்டவர்களும் அதே ஆட்கள். அதனால் ‘விவசாயிகள் சரியாகக் கேட்டுக்கொள்வதில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டும்தான் ஞாபகத்துக்கு வரும்.

முட்டைக்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. ஒருவர் போதும், ஒரு சாயங்காலம் போதும், யாரையும் கேட்கவேண்டியதில்லை. கோனோ வீடர் அப்படியில்லை. அது ஓடவேண்டுமானால் நடவு நேர் வரிசையாக இருக்கவேண்டும், குறுக்கேயும் நெடுக்கேயும் 22.5 சென்டிமீட்டர். நடவு அப்படி அமையவேண்டுமானால் நடுகிற பெண்கள் கயிறு பிடித்து, ஒற்றை நாற்றாக நடவேண்டும். அதற்கு 14 நாள் நாற்று அன்றைக்குத் தயாராக இருக்கவேண்டும். நட்ட பத்தாம் நாள் வயலில் மெல்லிய தண்ணீர் நிற்கவேண்டும். அன்றைக்குத் தள்ள ஆளும் வேண்டும், கருவியும் வேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டாலும் கருவி கொட்டகைக்குப் போய்விடும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்களுடையது திருவாரூர் மாவட்டத்துக் கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். எங்கள் விவசாயிகள் குழுவில் எல்லாருமே சிறு, குறு விவசாயிகள், பாதிப்பேர் குத்தகை. வருகிற சம்பாவுக்குக் குழுப் பணத்தில் ஒரு சிறு தொகையைப் ‘பயிற்சியில் கற்றது வயலுக்கு வர’ என்று ஒதுக்கியிருக்கிறோம். அதை எப்படிச் செலவு செய்வது என்று கூட்டத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டு வாராவாரம் வயல் பார்க்கச் சொல்லலாம், செயல்விளக்கத் திடல் போடலாம், இடுபொருளை இலவசமாகக் கொடுக்கலாம், வீடியோ எடுத்து அனுப்பலாம், வயல்வெளிப் பள்ளி நடத்தலாம், நடவு ஆட்களுக்கும் கருவிக்கும் போடலாம். எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதே முடிவை எடுக்கவேண்டிய வேறு குழுக்களும் இருக்கும் என்பதால் நான் யோசித்த வழியை எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 13 மாநிலங்களில் திருந்திய நெல் சாகுபடி செய்கிறவர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். முறையின் நான்கு முக்கியப் பகுதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் 41 சதவீதம். இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டவர்கள் 39 சதவீதம். நான்கையும் செய்தவர்கள் 20 சதவீதம்தான். எங்கள் ஊரைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. இந்த முறை பிறந்த மடகாஸ்கரிலேயே இதுதான் கதை. 1980களில் ஹென்றி டி லௌலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே இதை உருவாக்கினார். விளைச்சல் கூடியதைக் கண்ணால் பார்த்தும், பின்னால் கணிசமானவர்கள் விட்டுவிட்டார்கள். ஏன் என்று ஆராய்ந்தபோது தெரிந்தது, கூடுதல் உழைப்பு கேட்கிற அதே மாதங்களில் ஏழைக் குடும்பங்களின் கையில் காசும் இல்லை, வீட்டில் அரிசியும் இல்லை. அன்றன்றைக்குச் சாப்பிட அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகவேண்டியிருந்தது. தன் வயலில் கூடுதலாக நாலு நாள் செலவழிக்க அவர்களால் முடியவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு யோசனையாகப் பார்ப்போம்.

வாராவாரம் வந்து பார்க்க ஆள்

இது பழைய யோசனை. 1970களில் டேனியல் பெனார் என்பவர் வகுத்து, உலக வங்கி உதவியோடு இந்தியாவில் பல மாநிலங்களில் ‘பயிற்சியும் பார்வையிடலும்’ என்ற திட்டம் நடந்தது. விரிவாக்க ஊழியர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட கிழமையில் ஊருக்கு வருவார். ஊருக்குச் சிலரைத் தொடர்பு விவசாயிகள் என்று வைத்து அவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். பல இடங்களில் தொடர்பு விவசாயி என்றால் ஊரில் கொஞ்சம் நிலபுலம் உள்ளவர் என்றே ஆனது. அவரிடம் சொன்னது அவர் வரப்போடு நின்றுவிட்டது. திட்டப் பணம் நின்றதும் வருகையும் குறைந்தது.

ஆள் வந்து போவது தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை முறை வந்தார் என்பதைவிட என்றைக்கு வந்தார் என்பதுதான் பெரிது. எங்கள் பயிருக்கு முக்கியமான இரண்டு நாள்கள் இருக்கின்றன. ஒன்று, நாற்றுக்குப் 14 நாளாகி நடவுக்கு எடுக்கிற நாள். இன்னொன்று, நட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் களை தள்ளுகிற நாள். இந்த இரண்டு நாளும் விஷயம் தெரிந்த ஒருவர் வரப்பில் நின்றால் போதும். நாற்றுக்கு 20 நாளான பிறகு வந்து ‘முன்னாடியே நட்டிருக்கலாமே’ என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. சம்பளத்துக்கு முழுநேர ஆள் போடவேண்டாம், அந்த இரண்டு நாளுக்கு மட்டும் பெட்ரோல் செலவும் நாள்கூலியும் கொடுத்து, பக்கத்து ஊரில் இதைச் செய்து பழகிய விவசாயி ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. செலவும் கொஞ்சம்தான்.

செயல்விளக்கத் திடல்

கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம் என்பது உண்மை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியபோதே செய்து காட்டிக் கற்பிப்பதுதான் அடிப்படையாக இருந்தது. குறை திடலில் இல்லை, அது யார் வயலில் போடப்படுகிறது என்பதில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு வசதியாக ரோட்டோரத்தில் ஒரு ஏக்கர், பெரும்பாலும் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வைத்திருப்பவர் வயல். அங்கே தண்ணீரை நிறுத்திப் பிறகு கட்டலாம். கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற எங்களுக்கு, ‘மயிரிழை வெடிப்பு விழட்டும், அப்புறம் பாய்ச்சுங்கள்’ என்றால் பயம்தான் வருகிறது. வெடிப்பு விழுந்த அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால்? எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதைத்தான் சொன்னார்: “அண்ணே, அவருக்கு போர் இருக்கு. அவரு வயலப் பாத்து நான் என்ன கத்துக்கிறது?”

மலாவி நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குழி நடவு, உரக்குழி மாதிரியான விஷயங்களை ஊராருக்குச் சொல்ல, ஓரிடத்தில் அரசு ஊழியர், ஓரிடத்தில் முன்னோடி விவசாயி, ஓரிடத்தில் ஊராரைப் போலவே நிலமும் நிலைமையும் உள்ள சாதாரண விவசாயிகள். சாதாரண விவசாயிகளுக்குச் சிறிதாக ஒரு ஊக்கப் பரிசு கொடுத்தபோது அவர்கள் சொன்னதுதான் அதிகம் எடுபட்டது. தன்னைப் போன்றவர் சொன்னால் நம்புகிறார்கள். அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வில், பெரும்பாலானவர்கள் ஒருவர் சொல்லி மாறவில்லை, ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்ட பிறகுதான் மாறினார்கள் என்று தெரிந்தது.

இதை எங்கள் கணக்கில் வைத்துப் பார்த்தால், ரோட்டோரம் ஒரு ஏக்கர் போடுகிற பணத்தில் நாலைந்து பேர் வயலில் பத்துப் பத்துக் குழி போடலாம். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர் என்று கணக்குப் பார்க்கிற ஊர் இது. பத்துக் குழி என்றால் மூன்று சென்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் தவறினாலும் வீட்டுச் சாப்பாட்டுக்குக் குறைவு வராது. போரில்லாத ஒருவர், பள்ளக்காலில், அதாவது தண்ணீர் தேங்குகிற தாழ்வான பகுதியில், நிலம் உள்ள ஒருவர், குத்தகைக்கு உழுகிற ஒருவர், தனியாகக் குடும்பம் நடத்துகிற ஒரு அக்கா என்று ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தன்னைப் போன்ற ஒருவர் அகப்படுவார். அந்த நாலைந்து பேருக்கும், விளைச்சல் குறைந்தால் ஈடு கட்டுகிறோம் என்று குழு வாக்குக் கொடுக்கவேண்டும். அதற்குச் சிறு தொகை போதும்.

இலவச இடுபொருள்

கூட்டத்தில் அதிகம் கை உயர்ந்தது இதற்குத்தான். ஏன் என்றும் புரிகிறது. ஆனால் எந்தப் பொருள் என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

சில பொருள்கள் ஒரு வேலையையே குறைக்கின்றன. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிரிலேயே உளுந்து தெளிப்போமே, அதற்குப் பூக்கும் சமயத்தில் டிஏபி உரத்தின் 2 சதவீதக் கரைசல் தெளிக்கச் சொல்லிப் பயிற்சியில் சொல்வார்கள். முதல் நாள் ராத்திரி ஊறவைக்கவேண்டும், காலையில் தெளிவை மட்டும் வடிகட்டவேண்டும். சரியாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். இத்தனையும் பார்த்துவிட்டு, ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்று விட்டவர்கள் எங்களில் நிறைய. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்கிற ஊட்டக் கலவைப் பொட்டலம் வந்த பிறகு, ஏக்கருக்கு இரண்டு கிலோவை 200 லிட்டரில் கலந்து தெளித்துவிட்டு வருகிறார்கள். சொல்லிக்கொடுத்தது கூடவில்லை, செய்யவேண்டிய வேலை குறைந்தது. இந்த மாதிரிப் பொருளுக்குப் பணம் போடலாம்.

ஆனால் கொட்டகையில் கிடக்கிறது என்று மேலே சொன்னேனே அந்தக் கோனோ வீடர், அதுவும் இலவசமாக வந்ததுதான். சங்கிலியின் மற்ற கண்ணிகள் இல்லாமல் ஒன்றை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். இன்னொரு வேதனை, அரசு மானியத்துக்குச் சிட்டா, அடங்கல் என்கிற நிலப் பதிவுகளைக் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர் அதை எங்கே போய் வாங்குவார்? குழுப் பணத்தில் கொடுப்பதாக இருந்தால், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காமல் உழுகிறவருக்குக் கொடுக்கவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நேரமும் இருக்கிறது. கென்யாவில் உரம் வாங்குகிற பழக்கத்தை ஆராய்ந்தவர்கள், அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதே ‘இப்போதே பணம் கட்டுங்கள், உரத்தை இலவசமாக வீட்டில் கொண்டுவந்து தருகிறோம்’ என்று சொல்லிப் பார்த்தார்கள். பிறகு உரம் போடுகிற சமயத்தில் பாதி விலைக்குக் கொடுப்பதற்கு ஈடாக அது பலன் தந்தது. எங்களுக்குத் தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட காசு வரும். வைகாசி வருவதற்குள் அது பள்ளிக்கூட ஃபீசாகவும் கல்யாண மொய்யாகவும் போய்விடும். தக்கைப்பூண்டு விதை, உயிர் உரம், நடவுக் கூலியில் ஒரு பங்கு, இதற்கெல்லாம் மாசியிலேயே முன்பணம் வாங்கிக் குழுக் கணக்கில் வைத்துவிட்டால், ஆவணியில் வட்டிக்கு ஓடவேண்டியதில்லை. இலவசத்தைவிட இது பலருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வீடியோவும் போனும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளூர் விவசாயியை வைத்தே படம் எடுத்து, ஊராரைக் கூட்டிப் போட்டுக் காட்டி, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுகிற முறையை டிஜிட்டல் கிரீன் என்ற தொண்டு அமைப்பு கர்நாடகத்தில் தொடங்கியது. அது எடுபட்டதற்குப் படம் பாதிக் காரணம், நடுவில் நிறுத்திப் பேச ஒரு ஆள் இருந்தது மீதிக் காரணம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விடுகிற வீடியோவுக்கு அந்த ஆள் இல்லை. 2018-இல் வந்த தமிழக அரசின் உழவன் செயலியில் வானிலை, விலை, வாடகை இயந்திரம் எல்லாம் பார்க்க முடிகிறது, நல்லதுதான். இலை மஞ்சளானால் படம் எடுத்து அனுப்பிக் கேட்கவும் போன் வசதி. ஆனால் நடவு நடுகிற அக்காக்களில் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கத் தேவையில்லை, இருக்கிற போன்களே போதும்.

வயல்வெளிப் பள்ளி

இதன்மேல் எனக்கு மரியாதை அதிகம். 1989-இல் இந்தோனேசியாவில், நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சியைச் சமாளிக்கத் தொடங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்பு அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்திருந்தது, ஏனென்றால் மருந்து அடிக்க அடிக்கப் புகையானைத் தின்கிற சிலந்திகள் செத்து, புகையான்தான் பெருகியது. வயல்வெளிப் பள்ளியில் இருபத்தைந்து பேர் மாதிரி ஒரு பருவம் முழுக்க வாராவாரம் வயலில் கூடுவார்கள். குத்துக் குத்தாகப் பார்த்து, கெட்ட பூச்சி எத்தனை, நல்ல பூச்சி எத்தனை என்று எண்ணிச் சார்ட்டில் வரைவார்கள். முடிவை அவர்களே எடுப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் நடந்தபோது நானும் போனேன். தூரின் அடியில் தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் புகையானைக் குனிந்து பார்க்க அங்கேதான் பழகினேன். அதுவரை வரப்பில் நின்றே மேலே மேலே பார்த்துவிட்டு மருந்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆனால் இரண்டு விஷயம். வந்தவர்களுக்குக் கிடைத்தது வராதவர்களுக்குப் பரவுவதில்லை. இந்தோனேசியாவிலேயே 2004-இல் வெளியான ஆய்வுகள், பள்ளிக்குப் போனவர்களிடமிருந்து பக்கத்து வயல்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேரவில்லை என்றுதான் சொல்கின்றன. பார்த்துப் பழகவேண்டியதை வாயால் சொல்லிப் பழக்க முடியாது அல்லவா? இரண்டாவது, வாரம் ஒரு காலை என்பது கூலிக்குப் போகிற குறு விவசாயிக்குப் பெரிய விலை. அதனால் பூச்சி, நோய், தழைச்சத்து அளவு மாதிரி கண் பழகவேண்டிய விஷயங்களுக்கு வயல்வெளிப் பள்ளியை விடச் சிறந்தது எதுவும் இல்லை. ஒற்றை நாற்று நடவுபோல ஆள் பலமும் கருவியும் கேட்கிற விஷயத்துக்கு இது மட்டும் போதாது. நிதி வந்தால் இரண்டாம் வருடம் நடத்தலாம், வருகிறவர்களுக்கு அரைநாள் கூலியோடு.

நடுகிற கையும் கருவியும்

கடைசியாக, கூட்டத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத யோசனை. என் கட்சி இதுதான்.

பயிற்சிக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பட்டா யார் பெயரிலோ அவரை, அதாவது ஆண்களை. வெள்ளைச் சட்டையோடு போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறோம். நடவு நடுவது யார்? களை எடுப்பது யார்? சொந்த நிலமே இல்லாத பெண்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய 80 ஆயிரம் குத்து, ஒவ்வொன்றிலும் ஒற்றை நாற்று, வேர் மேலே மடங்காமல், ஆழம் போகாமல் வைக்கவேண்டும் என்கிற முழு வித்தையும் அவர்கள் விரலில் இருக்கிறது. அவர்களை யாரும் ஒருநாள்கூட பயிற்சிக்குக் கூப்பிட்டதில்லை.

நான் முதல் தடவை ஒற்றை நாற்று நட முயன்ற கதையைச் சொல்கிறேன். நாற்றங்கால் அழகாக வந்திருந்தது. ஒரு சென்ட் இடத்தில் பாய் நாற்றங்கால், ஏக்கருக்குப் போதும். வழக்கமாக ஏக்கருக்கு முப்பது கிலோ விதைக்கிற நான் அன்று மூன்று கிலோதான் விதைத்திருந்தேன், அதிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. 14-ஆம் நாள் காலை நடவு ஆட்கள் வந்தார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிய கூலி, எப்போதும்போல. கயிற்றைக் கட்டி, முடிச்சுக்கு ஒன்று வையுங்கள் என்று வரப்பில் நின்று சொன்னேன். ஒருமணி நேரத்தில் மூன்று கயிறு தூரம்தான் போயிருந்தது. ஆள் கூட்டி வந்த அக்கா நிமிர்ந்து என்னிடம் வந்து சொன்னார்: “வெரல்ல பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்ல தம்பி. கயித்தப் பாக்கணும், நாத்தப் பாக்கணும், குனிஞ்ச குனியில பாதி நாளு போயிடும். ஏக்கருக்கு அதே காசுன்னா எங்களுக்கு எப்பிடிக் கட்டும்?”

என்னிடம் பதில் இல்லை. பதினொரு மணிக்குக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டேன். மீதி வயல் வழக்கம்போல நாலைந்து நாற்றாக, கண்ணளவில் நட்டு முடிந்தது. பத்தாம் நாள் கோனோ வீடரை இறக்கினால் வரிசையே இல்லை, தள்ளுகிற இடமெல்லாம் பயிர்மேல் ஏறியது. கொட்டகைக்குப் போனது அன்றுதான்.

பிறகு வேறு ஊர்களில் இதைத் தொடர்ந்து செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். நடவு ஆட்கள் ஒரே கூட்டமாக இரண்டு பருவம் செய்த இடத்தில் வேகம் வந்துவிடுகிறது. நாற்றுக்கட்டு சுமப்பதும், நாற்றுப் பறிக்கிற வேலையும் குறைவதால் பிறகு அவர்களுக்கே இது எளிதாகத் தெரிகிறது. கற்றுக்கொள்கிற காலத்தின் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. ஏக்கர் கூலி என்றால் நடுகிறவர் ஏற்கிறார். நாள்கூலி என்றால் நிலக்காரர் ஏற்கிறார். இரண்டு பேருமே கையில் காசு இல்லாதவர்கள். அந்த இடைவெளியைத்தான் குழுப் பணம் தாங்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு நடவுக் குழுவைப் பிடித்து, இரண்டு நாள் கூலி கொடுத்து வயலிலேயே பயிற்சி, அப்புறம் முதல் பருவத்தில் ஏக்கர் கூலிக்கு மேல் ஒரு கூடுதல் தொகை. அவர்கள் கற்றுக்கொண்டால் அந்த வித்தை ஊரிலேயே இருக்கும். யார் வயலில் நட்டாலும் அப்படியே நடுவார்கள், பயிற்சிக்குப் போகாதவர் வயலிலும்கூட.

கருவியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கவேண்டியதில்லை. நாலைந்து வீடர் ஊரில் ஒரே இடத்தில் இருக்கட்டும். எங்கள் களிமண்ணில் பெரிய கோனோ வீடர் சேற்றை அப்பிக்கொண்டு கனக்கிறது, எடை குறைந்ததைத் தள்ளிப் பார்த்து வாங்கவேண்டும். உடைந்தால் ஒட்டவைக்க ஊர்ப் பட்டறைக்காரரிடம் முன்பே பேசிவைக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நூறு விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்குப் பண்ணை இயந்திரம் வாங்க ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பெரிய இயந்திரத்தையே நினைக்காமல், அதில் ஒரு சிறு பங்கை இந்தக் கைக்கருவிகளுக்கு வைத்திருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நடவு இயந்திரம் சமயத்துக்கு வாடகைக்குக் கிடைக்கிற ஊராக இருந்தால் கணக்கு வேறு. அங்கே தட்டு நாற்றங்கால் போடத் தெரிந்தவர்களைத் தயார் செய்வதுதான் முதல் வேலை, கை நடவுப் பயிற்சிக்குப் பணம் போடவேண்டாம்.

செய்யாமல் விடவேண்டியதும் உண்டு

பயிற்சியில் சொன்னதை எல்லாரும் செய்தே ஆகவேண்டும் என்று நினைப்பதும் தப்பு. எங்கள் பள்ளக்கால் வயல்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும், வடியப் பத்து நாள் ஆகும். அங்கே சின்ன நாற்றை ஒற்றையாக நட்டவர் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு, தண்ணீருக்குள் இரண்டு வாரம் வரை தாங்குகிற சிஆர் 1009 சப் 1 மாதிரி ரகத்தை வளர்ந்த நாற்றாக நடுவதோ, மழைக்கு முன்னாலேயே நேரடி விதைப்புச் செய்து பயிரை நிமிர்த்திவிடுவதோதான் சரி. அந்த விவசாயி பயிற்சியைக் கேட்கவில்லை என்று யாராவது கணக்கெழுதினால் அது அநியாயம். தன் மண்ணைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். குழு இப்போதே வயல்களை மேட்டுக்கால், பள்ளக்கால் என்று பிரித்துப் பட்டியல் போடவேண்டும். மேட்டுக்காலுக்கு மட்டும்தான் இந்தப் பணம்.

ஆக, கூட்டத்தில் நான் வைத்த கணக்கு இது. கையில் பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாய் நடவுக் குழுவுக்கும் கைக்கருவிக்கும். இரண்டு ரூபாய் நாலைந்து பேர் வயலில் பத்துக் குழிச் சோதனைக்கும் அதன் ஈட்டுக்கும். ஒரு ரூபாய், அந்த இரண்டு முக்கியமான நாளில் அனுபவஸ்தர் வந்து நிற்க. மீதி ஒரு ரூபாயில் வயல்நீர்க் குழாய்கள். ஒரு அடி நீளப் பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப்பாதியில் துளை போட்டு வயலில் நட்டுவைத்தால், தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பூக்கும் சமயம் தவிர மற்ற நாள்களில், தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பயிருக்குப் பயமில்லை. முட்டையைப் போலவே இதுவும் ஒருவர் தனியாகச் செய்துவிடக்கூடியது, அதனால் ஒட்டும் என்று நம்புகிறேன். இலவச மூட்டைகளுக்கு இந்த வருடம் ஒன்றும் வேண்டாம், மாசி முன்பணக் கணக்கைத் தொடங்கிவிட்டால் போதும்.

இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, உர மூட்டைதான் வேண்டும் என்றார்கள். அவர்கள் கடனில் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுவோம்.

அன்று கயிற்றைச் சுருட்டவைத்த அக்காவைப் போனவாரம் வீட்டில் போய்ப் பார்த்தேன். ஆவணியில் இரண்டு நாள் கூலியோடு பயிற்சி, அப்புறம் கூடுதல் தொகை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். வருகிறோம் என்றார். ஒன்றே ஒன்று கேட்டார்: “கயித்துல முடிச்சு வேணாம் தம்பி. ரெண்டு நட நட்டா சேறு அப்பி முடிச்சே தெரிய மாட்டேங்குது. செவப்புத் துணியக் கிழிச்சுக் கட்டிக் குடு.”